மூளை ஸ்கேன் படத்தில் சிவப்பாக எரிவது என்ன? அதை வைத்து மனதைப் படிக்க முடியுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. பத்திரிகையில் வந்த மூளைப் படம் ஒன்றில் ஓர் இடம் மட்டும் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கிறது, கீழே "பொய் சொல்லும்போது இயங்கும் பகுதி" என்று போட்டிருக்கிறார்கள். அந்த நிறம் நிஜமாகவே மூளை வேலை செய்வதைக் காட்டுகிறதா? அதை வைத்து ஒருவர் மனதில் இருப்பதைக் கண்டுபிடிக்க முடியுமா? பத்தாம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளைக்கு "பிரெயின் மேப்பிங்" செய்து எந்த குரூப் எடுக்கலாம் என்று சொல்கிறோம் என்கிறார்களே, அதற்குப் பணம் கட்டலாமா? பார்க்க மூன்று கேள்விகள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, ஸ்கேனர் அளக்கும் ஒன்றிலிருந்து "இவர் இப்படி நினைக்கிறார்" என்ற முடிவுக்குப் போக எத்தனை படி ஏற வேண்டும், அதில் எந்தப் படி உறுதி, எது ஆட்டம் காண்கிறது என்பதைத்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தச் சிவப்பு மூளையின் இயக்கம் அல்ல. ஒரு நிலையை இன்னொரு நிலையோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கின் விடை அது. எதோடு ஒப்பிட்டார்கள் என்று தெரியாமல் அந்தப் படத்துக்குப் பொருளே இல்லை.

பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் எஃப்எம்ஆர்ஐ எனப்படும் செயல்பாட்டு எம்ஆர்ஐ படம். மருத்துவமனையில் முதுகுக்கும் முழங்காலுக்கும் எடுக்கும் அதே எம்ஆர்ஐ இயந்திரம்தான், எடுக்கும் முறைதான் வேறு. அடிப்படை ரத்தத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினுக்கும் காந்தத் தன்மை வேறு என்பதை லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோர்யெலும் 1936-லேயே காட்டிவிட்டார்கள். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைச் சற்றே குலைக்கும். அந்த இடத்தில் உள்ள நீர் மூலக்கூறுகளிலிருந்து வரும் சிக்னல் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆக்சிஜன் உள்ள ரத்தம் அதிகமானால் குலைவு குறையும், சிக்னல் கூடும். பெல் ஆய்வகத்தில் இருந்த செய்ஜி ஒகாவா 1990-ல் எலிகளின் மூளையில் இதை நேரடியாகக் காட்டி "போல்ட்" (ரத்த ஆக்சிஜன் அளவைப் பொறுத்து மாறும் சிக்னல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயர் வைத்தார். 1992-ல் பாஸ்டன், மினசோட்டா, விஸ்கான்சின் ஆகிய மூன்று இடத்துக் குழுக்கள் மனித மூளையில் இதைச் செய்து காட்டின. ஊசியும் வேண்டாம், கதிரியக்க மருந்தும் வேண்டாம் என்பதால் அதன்பிறகு இந்த முறை காட்டுத்தீயாகப் பரவியது.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நரம்பணுக்கள் வேலை செய்தால் ஆக்சிஜன் செலவாகும், அப்படியானால் சிக்னல் குறையத்தானே வேண்டும், ஏன் கூடுகிறது? காரணம், வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் தேவைக்கு மிஞ்சி வருகிறது. ஒரு பாத்தி காய்கிறது என்று மதகைத் திறந்தால் அந்தப் பாத்தி குடித்ததுபோக வரப்பு வழிய நீர் நிற்குமே, அதுபோல. பீட்டர் ஃபாக்ஸும் மார்கஸ் ரெய்க்லும் 1986-ல், சிறிதளவு கதிரியக்க மருந்தை உடலில் செலுத்திப் பார்க்கும் பெட் ஸ்கேன் மூலம் அளந்தபோது, கையைத் தூண்டினால் அதற்குரிய மூளைப் பகுதியில் ரத்த ஓட்டம் சுமார் 29 சதவீதம் கூடியது, ஆக்சிஜன் செலவு கூடியதோ சுமார் 5 சதவீதம்தான். செலவாகாமல் மிஞ்சிய அந்த ஆக்சிஜனைத்தான் எஃப்எம்ஆர்ஐ பார்க்கிறது. ரத்த ஓட்டம் கூடுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஏன் இவ்வளவு தாராளமாகக் கூடுகிறது என்பதில் இன்னும் ஒருமித்த விடை கிடையாது.

ரத்தம் மெதுவானது. நரம்பணு ஒன்று சிக்னல் அனுப்ப மில்லி விநாடிகள் போதும். அதற்கான ரத்த எதிர்வினை ஒன்றிரண்டு விநாடி கழித்துத்தான் தலைதூக்கும், ஐந்தாறு விநாடியில் உச்சம் தொடும், பிறகு பழைய நிலைக்குக் கீழே கொஞ்சம் இறங்கி, இருபது விநாடிக்கு மேலாகித்தான் அடங்கும். ஒரு வாக்கியத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் நேரத்தில் மூளைக்குள் நடக்கும் பத்துப் பதினைந்து படிகளும் இந்த ஒரே மேட்டுக்குள் கரைந்துபோகும். எது முன்னே, எது பின்னே என்று தெரிய வேண்டுமானால் ஈஈஜி (தலையில் மின்முனை ஒட்டி மூளையின் மின்னலையை அளப்பது), எம்ஈஜி (அந்த மின்னலை உண்டாக்கும் காந்தப்புலத்தை அளப்பது) பக்கம் போக வேண்டும். அவற்றில் நேரம் துல்லியம், இடம் மங்கல்.

ஓர் எளிய சோதனையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 3 டெஸ்லா ஸ்கேனர். டெஸ்லா காந்தப்புல வலிமையின் அலகு; 3 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 60,000 மடங்கு. வலது கை விரல்களை 20 விநாடி தட்ட வேண்டும், 20 விநாடி சும்மா இருக்க வேண்டும்; இப்படி எட்டுச் சுற்று. மொத்தம் 320 விநாடி. இரண்டு விநாடிக்கு ஒரு முறை முழு மூளையும் படமாகிறது என்றால் 160 படங்கள். ஒவ்வொரு படமும் 3 மில்லிமீட்டர் பக்கமுள்ள கன சதுரங்களால் ஆனது. இந்தக் கன சதுரத்துக்கு வோக்சல் என்று பெயர். எதிரொலி நேரத்தை, அதாவது துடிப்பு கொடுத்தபின் சிக்னலைப் படிக்கும்வரை விடும் இடைவெளியை, சுமார் 30 மில்லி விநாடியில் வைப்பார்கள். 3 டெஸ்லாவில் ரத்த ஆக்சிஜன் வித்தியாசம் நன்றாகத் தெரிவது அந்த அளவில்தான். முதல் சில படங்களைத் தூக்கி எறிந்துவிட வேண்டும், காந்தமாக்கல் நிலைப்பட அவ்வளவு நேரம் ஆகும்.

இப்போது இடது மூளையில், கைக்குரிய இயக்கப் பகுதியில் உள்ள ஒரே ஒரு வோக்சலின் எண்களைப் பாருங்கள். ஓய்வில் 1000-ஐ ஒட்டி ஆடிக்கொண்டிருக்கும்: 992, 1007, 1011, 996. தட்டும்போது 1020-ஐ ஒட்டி ஆடும். 2 சதவீத உயர்வு. ஆட்டமோ 10 அளவுக்கு இருக்கிறது. ஒரே ஒரு முறை தட்டச் சொல்லி எடுத்திருந்தால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, எட்டுச் சுற்று இருப்பதால் சொல்ல முடிகிறது. விரல் தட்டுவதும் கண் சிமிட்டும் விளக்கைப் பார்ப்பதும் மூளையில் மிகப் பெரிய சிக்னல் தரும் வேலைகள். முடிவெடுப்பது, நினைவுகூர்வது, பிறர் முகத்தைப் பார்த்து இரங்குவது போன்றவற்றில் வித்தியாசம் பெரும்பாலும் அரை சதவீதத்தைத் தாண்டாது. 10 அளவு ஆட்டத்துக்குள் 3-ஐயும் 5-ஐயும் தேட வேண்டும்.

இன்னொன்று, அந்த 1000-க்கு அலகே கிடையாது. ஸ்கேனர், தலைக்கவசச் சுருள், அன்றைய அமைப்பு இவற்றுக்கு ஏற்ப அது 600 ஆகவும் இருக்கலாம், 4000 ஆகவும் இருக்கலாம். சர்க்கரை அளவு 110 என்பதுபோல "இவருடைய மூளை இயக்கம் இவ்வளவு" என்று தனி எண் ஒன்றை போல்ட் சிக்னலிலிருந்து யாரும் தர முடியாது. ஒரே ஆளில், ஒரே அமர்வில், இந்த நிலையும் அந்த நிலையும் எவ்வளவு வேறுபட்டன என்பது மட்டுமே கைக்குக் கிடைக்கும். ஓய்வையும் வேலையையும் 20 விநாடிக்கு ஒரு முறை மாற்றுவதற்கும் இதே காரணம்தான். இயந்திரம் சூடாகச் சூடாக அந்த 1000 மெல்ல நகரும். மூன்று நிமிடம் ஓய்வு, மூன்று நிமிடம் வேலை என்று வைத்தால் நகர்வு எது, மூளை எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். மெதுவான நகர்வை வடிகட்டுகிறோம் என்று பொதுவாக 128 விநாடியை எல்லையாக வைப்பார்கள். அதைவிட நீளமான சுற்றை வைத்தால் உங்கள் சோதனையையே வடிகட்டி எறிந்துவிடுவீர்கள். புதிதாகச் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

அந்த 27 கன மில்லிமீட்டருக்குள் பல லட்சம் நரம்பணுக்கள் இருக்கின்றன. சில உசுப்புபவை, சில அடக்குபவை. இரண்டும் ஆற்றலைச் செலவிடுகின்றன. ஆகவே சிக்னல் கூடியது என்பதை வைத்து அங்கே உசுப்பல் கூடியதா, அடக்கல் கூடியதா என்று பிரிக்க முடியாது. நிக்கோஸ் லோகோதெடிஸ் குழு 2001-ல் குரங்குகளில் மின்முனையையும் எஃப்எம்ஆர்ஐயையும் ஒரே நேரத்தில் வைத்துப் பார்த்தது. அணுக்கள் வெளியே அனுப்பும் துடிப்புகளைவிட, அந்த இடத்துக்கு உள்ளே வரும் செய்திகளும் அக்கம்பக்கச் செயலாக்கமும் சேர்ந்த மின்னலைதான் போல்ட் சிக்னலோடு நன்றாகப் பொருந்தியது. ஒரு பகுதி "எரிகிறது" என்றால் அது முடிவை அறிவிக்கிறது என்பதைவிட, அதற்குச் செய்தி வந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. நரம்பணு அளவில் மனித மூளையைப் பார்ப்பது தனித் துறை. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் செய்வது அதைத்தான், ஆனால் அங்கே பார்ப்பது இறந்தபின் எடுத்து மெல்லிய தகடுகளாகச் சீவிய மூளையை. உயிரோடு இருக்கும் மூளையின் இயக்கத்தை அந்த நுட்பத்தில் முழுதாகப் பார்க்கும் கருவி எவரிடமும் இல்லை.

ஸ்கேன் நடக்கும்போது கெடுப்பவை பல. முதல் எதிரி தலை அசைவு. அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே, மூளையின் ஓரத்தில் உள்ள வோக்சலில் ஒரு கணம் மூளையும் அடுத்த கணம் மூளைநீரும் வந்து போகும். அந்த ஏற்ற இறக்கம் 2 சதவீதத்தையெல்லாம் சாதாரணமாக விழுங்கிவிடும். அசைவு சோதனையின் தாளத்தோடு சேர்ந்துவிட்டால், அதாவது விரல் தட்டும்போதெல்லாம் தோளும் தலையும் சற்றே ஆடினால், மூளையின் விளிம்பைச் சுற்றி வளையம்போல ஒரு போலிச் சிவப்பு வரும். அதனால்தான் தலைக்கு இருபுறமும் பஞ்சணை வைத்து இறுக்குவது, நெற்றியில் டேப் ஒட்டுவது, வாயால் பதில் சொல்ல விடாமல் கையில் பொத்தான் கொடுப்பது எல்லாம். கணினியில் ஆறு திசை அசைவையும் கணக்கிட்டுத் திருத்துவார்கள், அரை மில்லிமீட்டருக்கு மேல் துள்ளிய படங்களை ஒதுக்குவார்கள். எந்த வேலையும் தராமல் சும்மா படுக்கவைத்து எடுக்கும் ஓய்வுநிலை ஆய்வுகளில் 0.2 மில்லிமீட்டர் வரை கறாராக இருப்பார்கள். இவ்வளவு செய்தும் மிச்சம் நிற்கும். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். வளர வளர மூளையின் தொலைதூர இணைப்புகள் வலுக்கின்றன என்று சொன்ன ஆய்வுகளில் ஒரு பங்கு வெறும் அசைவின் விளைவு என்று 2012-ல் மூன்று தனித்தனிக் குழுக்கள் காட்டியபோது துறையே ஒரு முறை நின்று திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்தது காற்று. மூக்கின் மேலுள்ள காற்றறைகள், காதுக் குழி இவற்றுக்கு அருகே காந்தப்புலம் தானாகவே வளைந்திருக்கும். அதனால் கண்குழிக்கு மேலே உள்ள முன்மூளையின் அடிப்பகுதியிலும் பொட்டு மடலின் அடியிலும் சிக்னல் சுருங்கும், இழுபடும், சில இடங்களில் அடியோடு காணாமல் போகும். எதிரெதிர்த் திசைகளில் இரண்டு படம் எடுத்து இழுபட்டதைத் திருத்தலாம், ஆனால் காணாமல் போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. பல்லில் கிளிப் போட்டவர்களுக்கு இது இன்னும் மோசம். நிறம் இல்லாத இடம் வேலை செய்யாத இடம் அல்ல என்பதற்கு இது ஒரு காரணம். பிறகு ரத்தம் சார்ந்த தொல்லைகள்: மூச்சைப் பிடித்தால் கரியமில வாயு கூடி மூளை முழுவதும் சிக்னல் ஏறும். காபி குடித்துவிட்டு வந்தால் மூளையின் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். வயதானவர்களின் ரத்தக் குழாய் விறைத்திருப்பதால் நரம்பணு அதே வேலையைச் செய்தாலும் சிக்னல் சிறிதாக வரும். முதியவர்களையும் இளைஞர்களையும் ஒப்பிட்டு "முதியவர்களின் மூளை குறைவாக இயங்குகிறது" என்று எழுதினால், அது மூளையைப் பற்றிய செய்தியா ரத்தக்குழாயைப் பற்றிய செய்தியா என்று கேளுங்கள். இன்னும் சின்ன விஷயம் போலத் தெரிவது, இடம் வலம் மாறிப்போவது. ரேடியாலஜி வழக்கப்படி படத்தின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம். ஆய்வு மென்பொருள்கள் சில நேர்மாறாகக் காட்டும். ஒரு பக்கப் பொட்டில் மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றை ஒட்டி ஸ்கேன் செய்வது பழைய தந்திரம். படத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும், சண்டை வராது.

படம் எடுத்தபின் நடக்கும் கணக்கில்தான் அந்தச் சிவப்பு பிறக்கிறது. மூளையின் கொள்ளளவு சுமார் 1,300 கன சென்டிமீட்டர் என்று வைத்தால் 3 மில்லிமீட்டர் வோக்சல்கள் ஏறத்தாழ 48,000 வரும். ஒவ்வொன்றிலும் "தட்டும்போதும் ஓய்விலும் வேறுபாடு உண்டா" என்று தனித்தனியே சோதிக்கிறோம். இருபதில் ஒன்று தற்செயலாகத் தவறலாம் என்ற வழக்கமான வரம்பை வைத்தால், மூளையில் எதுவுமே நடக்காவிட்டாலும் 2,400 வோக்சல்கள் சிவக்கும். ஆயிரத்தில் ஒன்று என்று இறுக்கினாலும் 48 மிஞ்சும். கிரேக் பென்னெட்டும் நண்பர்களும் 2009-ல் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் "காட்டி", அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று "கேட்டு", இத்தனை ஆயிரம் சோதனைகளுக்கு ஏற்ப வரம்பை இறுக்கும் திருத்தம் செய்யாமல் கணக்குப் போட்டார்கள். மீனின் மூளையில் சிவப்பு வந்தது. திருத்தம் செய்ததும் போய்விட்டது. 2012-ல் இதற்கு, முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை, அன்று திருத்தம் இல்லாத கட்டுரைகள் நிஜமாகவே நிறைய வெளிவந்துகொண்டிருந்தன. திருத்தம் செய்பவர்களும் முழுக்கத் தப்பவில்லை: ஆண்டர்ஸ் எக்லண்ட் குழு 2016-ல், பரவலாகப் பயன்பட்ட மென்பொருள்களில் அருகருகே சிவந்த வோக்சல்களைக் கொத்துக் கொத்தாகச் சோதிக்கும் முறையைத் தளர்ந்த வரம்போடு பயன்படுத்தினால் போலி முடிவு 5 சதவீதத்துக்குப் பதில் 70 சதவீதம் வரைகூடப் போகலாம் என்று காட்டியது.

நல்ல எண்ணத்தோடு, கவனமாகச் செய்தாலும் வழிகள் பல. இரைச்சலைக் குறைக்கப் படத்தை மங்கலாக்குவது 5 மில்லிமீட்டரா 8 மில்லிமீட்டரா, அசைவை எப்படிக் கழிப்பது, எந்த வரம்பு என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நியாயமான பல தேர்வுகள் உண்டு. 2020-ல் வெளியான ஓர் ஆய்வில் 108 பேரின் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் போகவில்லை. பல கேள்விகளில் விடைகளும் பிரிந்தன. வரம்பை எதிர்த்திசையில் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது. கொன்சாலெஸ்-காஸ்டியோ குழு 2012-ல் மூன்றே பேரை எடுத்து, ஒரே எளிய வேலையை ஆளுக்கு நூறு முறை ஸ்கேன் செய்து சராசரி எடுத்தது. மூளையின் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட இடம் அந்த வேலையோடு சேர்ந்து ஏறி இறங்கியது. அப்படியானால் உங்கள் பத்திரிகைப் படத்தில் சாம்பல் நிறமாக இருக்கும் இடங்கள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. அந்த அளவு தரவில், அந்த வரம்பில், வித்தியாசம் எடுபடவில்லை, அவ்வளவே. (மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்று இன்னும் மேடையில் பேசுபவர்களுக்கும் இதுவே பதில். உடல் எடையில் 2 சதவீதம் உள்ள மூளை, சும்மா இருக்கும்போதே உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைத் தின்கிறது. கணக்குப் பாடம் போடும்போது கூடுவது அதற்குமேல் ஒரு சிட்டிகை.)

சரி, கணக்கு சுத்தம், சிவப்பு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். "பொய் சொல்லும் பகுதி" என்று சொல்ல முடியுமா? பொய் சொல்லும்போது எடுத்த படத்திலிருந்து உண்மை சொல்லும்போது எடுத்த படத்தைக் கழித்திருப்பார்கள். பொய் சொல்ல உண்மையை அடக்க வேண்டும், இன்னொன்றை யோசிக்க வேண்டும், முன்பு சொன்னதோடு முரண்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் பதற்றமும் இருக்கும். கழித்தபின் மிஞ்சுவது இவை எல்லாம் சேர்ந்த கூட்டு. கடினமான கணக்குப் போட்டாலும் முன்மூளையின் அதே இடங்கள் ஏறக்கூடும். "பொய் சொன்னால் இந்த இடம் ஏறுகிறது" என்பது சோதனையில் கண்டது. "இந்த இடம் ஏறியிருக்கிறது, ஆகவே பொய்" என்பது தலைகீழ் ஊகம். ரஸ்ஸல் போல்ட்ராக் 2006-ல் இந்தத் தவறை விரிவாக எழுதிக் காட்டினார். ஒரு பகுதி ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ஏறும் என்றால் தலைகீழாகப் போகலாம், ஆனால் மூளையில் அப்படிப்பட்ட இடங்கள் அரிது. இன்சுலா என்ற பகுதி வலி, அருவருப்பு, நாக்கின் சுவை, இதயத் துடிப்பைக் கவனிப்பது என்று எதற்கெடுத்தாலும் ஏறும். அதை வைத்துக் "காதல்" என்று எழுதினவர்களும் உண்டு.

இதற்கும் மேலே காரணம் என்ற படி இருக்கிறது. ஒரு வேலையின்போது ஓர் இடம் ஏறுகிறது என்பதால் அந்த வேலைக்கு அந்த இடம் அவசியம் என்று ஆகாது. அதற்கு வேறு சான்று வேண்டும்: பக்கவாதத்தில் அந்த இடம் பழுதானவர்களைப் பார்ப்பது, வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்துத் தற்காலிகமாகக் கலைப்பது, வலிப்பு அறுவைச் சிகிச்சைக்காக மின்முனை வைத்தவர்களில் சிறு மின்னோட்டம் தருவது. நான்சி கான்விஷர் 1997-ல் முகங்களைப் பார்த்தால் ஏறும் பகுதி ஒன்றை எஃப்எம்ஆர்ஐயில் சுட்டினார். பதினைந்து ஆண்டு கழித்து ஸ்டான்ஃபோர்டில் ஒரு நோயாளியின் அதே பகுதிக்கு மின்னோட்டம் தந்தபோது எதிரே நின்ற மருத்துவரின் முகம் மட்டும் அவர் கண்ணுக்கு உருமாறித் தெரிந்தது. இரண்டு சான்றும் சேர்ந்த பிறகுதான் அந்தப் பகுதியைப் பற்றி உறுதியாகப் பேச முடிகிறது. எஃப்எம்ஆர்ஐ தனியாகக் காட்டும் பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டாவது சான்று கிடையாது.

மனதைப் படிப்பது பற்றி: ஒன்றுமே முடியாது என்று சொன்னால் அதுவும் தவறு. 2001-ல் ஜேம்ஸ் ஹாக்ஸ்பி, ஒரு புள்ளி சிவக்கிறதா என்று பார்க்காமல் நூற்றுக்கணக்கான வோக்சல்களின் ஏற்ற இறக்க வடிவத்தைச் சேர்த்துப் பார்த்து, ஒருவர் பார்ப்பது முகமா வீடா நாற்காலியா என்று பிரித்துக் காட்டினார். 2008-ல் ஜாக் காலன்ட் குழு, 1,750 படங்களைக் காட்டி ஒருவரின் பார்வைப் பகுதி எப்படி ஏறி இறங்குகிறது என்று கணினியைப் பழக்கிவைத்துக்கொண்டு, முன்பு காட்டாத 120 படங்களில் எதைப் பார்க்கிறார் என்று கண்டுபிடித்தது. குருட்டு அதிர்ஷ்டத்தில் 0.8 சதவீதம் வர வேண்டிய இடத்தில் ஒருவருக்கு 92, இன்னொருவருக்கு 72 சதவீதம் சரியாக வந்தது. 2023-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு, ஒருவர் கேட்கும் கதையின் சாரத்தையே வாக்கியங்களாக எடுத்துத் தந்தது. இவை நிஜமான சாதனைகள். ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள். டெக்சாஸ் ஆய்வில் ஆளுக்கு 16 மணி நேரம் ஸ்கேனருக்குள் படுத்துக் கதை கேட்டார்கள். ஒருவரின் மூளையில் பழக்கிய கணினி இன்னொருவரிடம் வேலை செய்யவில்லை. படுத்திருப்பவர் மனதுக்குள் எண்ணத் தொடங்கினாலோ, விலங்குகளின் பெயரை அடுக்கினாலோ, வேறு கதை சொல்லிக்கொண்டாலோ விடை குழம்பிவிட்டது. ஆளின் ஒத்துழைப்பு இல்லாமல் இன்றைக்கு ஒன்றும் நடக்காது. இந்த முறை இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்பது சந்தேகத்துக்குரிய பகுதி. ரத்தத்தின் மெதுவான வேகம் ஒரு கூரைபோல மேலே நிற்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

பொய் கண்டுபிடிப்பில் நிலைமை இதைவிட மோசம். ஆய்வுக்கூடத்தில், "இந்தச் சீட்டு உங்களிடம் இருப்பதை மறையுங்கள்" என்று சொல்லிக்கொடுத்துச் செய்யும் பொய்யில் ஓரளவு பிரிக்க முடிந்திருக்கிறது. சிறைக்குப் போகும் பயத்தோடு, பல முறை சொல்லிப் பழகிய பொய்யில் அது செல்லும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கால்விரலை மெல்ல அசைத்தே முடிவைக் கெடுக்கலாம். 2010-ல் அமெரிக்காவின் டென்னசியில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் எஃப்எம்ஆர்ஐ பொய்ச் சோதனையைச் சான்றாக ஏற்க மறுத்தது. நம் ஊரில் போலீஸ் விசாரணைச் செய்திகளில் வரும் "பிரெயின் மேப்பிங்" எஃப்எம்ஆர்ஐ இல்லை, தலையில் மின்முனை ஒட்டிச் செய்யும் ஈஈஜி சோதனை. அதையும், நார்கோ சோதனையையும், பாலிகிராஃபையும் ஒருவரின் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

இனி உங்கள் பிள்ளை. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை பலரின் சராசரி. இருபது முப்பது பேரைச் சேர்த்துச் "சராசரியாக இந்த இடம் ஏறுகிறது" என்று சொல்வது ஒன்று. ஒரே ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்து "இவனுக்குக் கணிதம் வரும்" என்பது முற்றிலும் வேறு. ஒரே ஆளை இரண்டு முறை ஸ்கேன் செய்தால் வேலை சார்ந்த எஃப்எம்ஆர்ஐ அளவுகள் ஒன்றுக்கொன்று அவ்வளவாகப் பொருந்துவதில்லை என்று 2020-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஆளுக்கு ஆள் தரவரிசை போட அது போதாது. மூளை அளவீடுகளுக்கும் அறிவுத்திறன் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது, அதை நம்பகமாகப் பார்க்கவே ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும் என்று 2022-ல் ஸ்காட் மாரெக் குழு காட்டியது. ஆயிரம் பேரில் மங்கலாகத் தெரிவது ஒரு பிள்ளைக்கு வழிகாட்டாது.

தனி ஒருவருக்கு எஃப்எம்ஆர்ஐ உருப்படியாகப் பயன்படும் இடங்களும் உண்டு. மூளைக் கட்டி அறுவைக்கு முன், கை அசைக்கும் பகுதியும் மொழிப் பகுதியும் கட்டிக்கு எவ்வளவு அருகில் என்று பார்ப்பது. மொழி இடப்பக்கமா வலப்பக்கமா என்று அறிவது. அங்கேயும் கட்டியைச் சுற்றிய ரத்தக் குழாய்கள் சரியாக எதிர்வினை தராமல் சிக்னல் மறையலாம் என்பதால், அறுவை மேசையில் நேரடி மின்தூண்டலால் சரிபார்ப்பார்கள். நினைவிழந்து கிடக்கும் சிலரிடம் உள்ளே உணர்வு இருக்கிறதா என்று தேடுவதும் அப்படி ஒன்று. 2006-ல் ஏட்ரியன் ஓவன் குழு ஒரு நோயாளியிடம் டென்னிஸ் ஆடுவதுபோலக் கற்பனை செய்யுங்கள், பிறகு வீட்டு அறைகளில் நடப்பதுபோலக் கற்பனை செய்யுங்கள் என்று கேட்டு, இரண்டுக்கும் வேறு வேறு பகுதி ஏறுவதைக் கண்டது. 2010-ல் 54 பேரில் ஐவருக்கு இப்படி எதிர்வினை வந்தது. வந்தால் அது செய்தி. வராவிட்டால் உணர்வு இல்லை என்று சொல்ல முடியாது; தூங்கியிருக்கலாம், காது கேட்காமல் இருக்கலாம்.

குரூப் தேர்வுக்குக் கடை விரிக்கும் மையங்களில் எஃப்எம்ஆர்ஐ இருக்க வாய்ப்பே குறைவு. அந்த இயந்திரத்துக்குக் கோடிக்கணக்கில் ஆகும், தனி அறை வேண்டும், ஹீலியம் வேண்டும். பெரும்பாலும் ஒரு ஈஈஜி பட்டையோ, இல்லையென்றால் விரல்ரேகையைப் பதிந்து மூளையைச் சொல்கிறோம் என்னும் டிஎம்ஐடி சோதனையோதான் இருக்கும். இரண்டாவதற்கும் மூளைப் படமெடுப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நேரில் போனால், எந்தக் கருவி, எந்த வேலையை எதோடு ஒப்பிடுகிறீர்கள், அதே பிள்ளையை அடுத்த மாதம் சோதித்தால் இதே விடை வருமா, இந்த விடைப்படி குரூப் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட நன்றாகப் படித்தார்கள் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குப் படிப்பில் உண்மையிலேயே சிரமம் இருக்கிறது என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள், பிறகு பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் வாசிப்பு, எழுத்து, கணக்குத் திறன் மதிப்பீடு செய்யுங்கள். வலிப்பு, அடிக்கடி கடுமையான தலைவலி, முன்பு தெரிந்த எழுத்துகளும் வார்த்தைகளும் மறந்துபோவது போன்றவை இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேன் வேண்டுமா என்பதை அவர் சொல்வார். அப்போதும் அவர் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் மூளையின் அமைப்பைக் காட்டும் சாதாரண எம்ஆர்ஐயாகத்தான் இருக்கும்.